துரு ஏறிய தோட்டாவை நம்பலாமா?

வீட்டுப் பரணை ஒழிக்கும்போது பழைய பித்தளைக் குடம் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலெல்லாம் பச்சைக் களிம்பு. என்ன செய்வீர்கள்? புளியைத் தடவித் தேய்ப்பீர்கள். களிம்பு நீங்கி மஞ்சள் நிறம் தெரிந்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும். பிறகு தண்ணீர் நிரப்பிப் பார்ப்பீர்கள். ஒழுகவில்லையென்றால் அது நல்ல குடம். துருப்பிடித்த அரிவாளானாலும் இதே வழிதான். முதலில் கண்ணால் பார்க்கிறோம்; அடுத்துப் பயன்படுத்திப் பார்க்கிறோம்.

இந்த இரண்டு வழிகளுமே உதவாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் தோட்டாவும் பீரங்கிக் குண்டும். பளபளவென்று இருக்கும் தோட்டாவின் உள்ளே மருந்து கெட்டுப்போயிருக்கலாம். துரு தின்று உருத்தெரியாமல் போன குண்டின் உள்ளே மருந்து முழு வீரியத்தோடு இருக்கலாம். ஆகவே கண் ஏமாற்றுகிறது. பயன்படுத்திப் பார்ப்போம் என்றாலோ, அந்தச் சோதனை தவறினால் அடுத்த சோதனைக்கு ஆள் இருக்கமாட்டான்.

அப்படியானால் பழைய வெடிமருந்து பயன்படுமா, படாதா என்பதை யார், எப்படித் தீர்மானிப்பது? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதன் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறான். ஆலைகளும் கிடங்குகளும் போர்க்கப்பல்களும் அழிந்தபின்னரே ஒவ்வொரு பாடமும் கிடைத்தது. அந்த வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

தோட்டாவின் உள்ளே

முதலில் ஒரு தோட்டாவின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். அதில் நான்கு பகுதிகள் உண்டு. வெளியே தெரிவது பித்தளை உறை. அதன் வாயில் செருகியிருப்பது குண்டு. உறைக்குள் இருப்பது குண்டை உந்தித் தள்ளும் மருந்து. உறையின் அடியில் சிறு கிண்ணம் போல் இருப்பது எரியூட்டி. தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் பொட்டுவெடியைப் போன்றது இது. துப்பாக்கியின் ஊசி எரியூட்டியைக் குத்துகிறது; அது பொறி கக்குகிறது; மருந்து எரிந்து ஏராளமான வாயுவாக மாறுகிறது; வாயுவின் அழுத்தம் குண்டைக் குழலின் வழியே விரட்டுகிறது.

ஈரமும் காலமும் இந்த நான்கு பகுதிகளையும் வெவ்வேறு விதமாகத் தாக்குகின்றன. எரியூட்டி கெட்டால் தோட்டா வெடிக்காது. அல்லது சற்றுத் தாமதித்து, 'வெடிக்கவில்லையே' என்று துப்பாக்கியைத் திறக்கும் நேரத்தில் வெடிக்கும். உந்துமருந்து பாதி கெட்டிருந்தால் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடலாம். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே பிளந்துவிடும். உறை கெட்டால் வாயு பின்பக்கமாகச் சீறி வந்து சுடுபவனின் முகத்தைத் தாக்கும்.

இவற்றில் எதை வெளியிலிருந்து கண்டுகொள்ள முடியும்? உறையில் ஆழமாக அரித்த குழிகளைக் காணலாம். மற்றவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

கெட்டுப்போகாத பழைய மருந்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தக் கேள்வி இவ்வளவு சிக்கலானதாக இல்லை. அன்று உலகெங்கும் வழங்கியது கருமருந்து ஒன்றுதான். வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் மூன்றையும் அரைத்துச் சேர்த்த கலவை அது. கலவை என்பதால் மூன்று பொருள்களும் ஒன்றோடொன்று வேதிமுறையில் பிணையாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தீப்பொறி படும்வரை அவற்றிடையே சண்டையில்லை. கருமருந்துக்குப் பகை ஈரம் மட்டுமே. நனைந்தால் எரியாது, உலர்ந்த இடத்தில் மூடி வைத்தால் நெடுங்காலம் கெடாது. ஆகவே அன்றைய வீரன் மருந்தைக் கையில் எடுத்து, கட்டி தட்டியிருக்கிறதா, ஈரமாயிருக்கிறதா என்று பார்த்தே ஓரளவு முடிவு செய்துவிடலாம்.

1846-ல் நிலைமை மாறியது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பேராசிரியராயிருந்த ஷோன்பைன் என்னும் வேதியியலார், நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் பஞ்சை நனைத்து எடுத்தால் அது வெடிக்கும் பொருளாகிவிடுகிறது என்று அறிவித்தார். பார்வைக்கு அது சாதாரணப் பஞ்சுதான். ஆனால் தீ பட்டதும் புகையின்றிச் சாம்பலின்றி ஒரே நொடியில் எரிந்து மறையும். இதற்கு வெடிப்பஞ்சு என்று பெயர். வேதியியலில் இதை நைட்ரோ செல்லுலோஸ் என்கிறோம்.

இது கலவை அன்று, ஒரே சேர்மம். எரியும் பொருளும் அதை எரிக்கும் ஆக்சிஜனும் ஒரே மூலக்கூறுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அந்தக் கட்டு அவ்வளவு உறுதியானதன்று. தீயே படாவிட்டாலும் அது மெல்ல மெல்லத் தானாகச் சிதைகிறது. அப்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளிப்படுகின்றன. அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகின்றன. அந்த அமிலம் மேலும் சிதைவைத் தூண்டுகிறது. சிதைவு வெப்பத்தைத் தருகிறது. வெப்பம் சிதைவை விரைவாக்குகிறது.

நம் சிற்றூர்களில் ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் என்ன ஆகும் என்று உழவர்களுக்குத் தெரியும். போரின் நடுவில் சூடேறும். சில சமயம் யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெடிப்பஞ்சின் கதையும் அதுவே. சிறிதளவு இருந்தால் வெப்பம் வெளியேறிவிடும். கிடங்கு நிறையக் குவித்தால் வெப்பம் போக வழியில்லை.

இதை அறியாமல் இங்கிலாந்தில் ஃபேவர்ஷாம் என்னும் ஊரில் ஆலை தொடங்கினார்கள். 1847 ஜூலையில் அது வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். ஆஸ்திரியப் படையினர் விடாமல் முயன்றார்கள். அவர்களது கிடங்குகள் 1862-லும் 1865-லும் வெடித்தன. அவர்களும் கைவிட்டார்கள்.

சோதனைக் குழாயில் ஒரு பழுப்புக் கோடு

பிரிட்டிஷ் போர்த்துறையின் வேதியியலாரான ஃபிரெடெரிக் ஏபல் இந்த மர்மத்தை ஆராய்ந்தார். பஞ்சின் இழை ஒரு நுண்ணிய குழல் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எவ்வளவு அலசினாலும் குழலுக்குள் புகுந்த அமிலத்தில் சிறிது அங்கேயே தங்கிவிடுகிறது. கெடுதலுக்கு வித்து அதுதான். காகித ஆலையில் செய்வதுபோல் வெடிப்பஞ்சை நறுக்கிக் கூழாக்கி அலசினால் அமிலம் வெளியேறிவிடும் என்று 1865-ல் ஏபல் வழிகாட்டினார்.

அதைவிட முக்கியமானது அவர் தந்த சோதனை. சிறிதளவு மருந்தைச் சோதனைக் குழாயில் இட்டு, 65 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வைப்பார்கள். குழாயின் வாயில், பொட்டாசியம் அயோடைடும் கஞ்சிப்பசையும் தடவிய காகிதத் துண்டு ஒன்று பாதி நனைந்த நிலையில் தொங்கும். மருந்து சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு கிளம்பினால், காகிதத்தில் ஈரமும் உலர்வும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு தோன்றும். அது தோன்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிடுவார்கள். விரைவில் தோன்றினால் மருந்து கெட்டது.

எளிய சோதனைதான். ஆயினும் இதன் பெருமையை எண்ணிப் பாருங்கள். மருந்தின் நிறத்தையும் மணத்தையும் நம்பி அனுபவசாலி சொன்ன தீர்ப்புக்குப் பதிலாக, நிமிடக் கணக்கில் அளந்து சொல்லக்கூடிய அளவுகோல் ஒன்று வந்தது. கண்ணுக்குத் தெரியாத சிதைவைக் கண்ணுக்குத் தெரியும் கோடாக மாற்றியது அது.

தூலோன் துறைமுகத்தின் பாடம்

1884-ல் பால் வியேய் என்னும் பிரெஞ்சு வேதியியலார் வெடிப்பஞ்சைக் கரைப்பானில் பிசைந்து, கூழாக்கி, தகடாக உருட்டிக் காயவைத்தார். பஞ்சின் முரட்டுத்தனம் அடங்கி, ஒழுங்காக எரியும் புகையில்லா மருந்து கிடைத்தது. 'பி மருந்து' என்று அதற்குப் பெயரிட்டார்கள். பிரெஞ்சுப் படை முழுவதும் அதற்கு மாறியது. கப்பல்களின் அடித்தளக் கிடங்குகளில் அது டன் கணக்கில் குவிந்தது.

ஆனால் தகடாக மாறினாலும் அது நைட்ரோ செல்லுலோஸ்தான். அதன் சிதைவைத் தடுக்க அமைல் ஆல்கஹால் என்னும் பொருளைச் சேர்த்தார்கள். அதுவோ நாளடைவில் ஆவியாகிவிடும் இயல்புடையது. காவலன் போனபின் களஞ்சியம் என்ன ஆகும்? நாட்பட்ட மருந்தைப் புதுக் கரைப்பானோடு மறுபடி பிசைந்து புதுப்பிக்கும் வழக்கமும் அங்கிருந்தது. அப்படிச் செய்தால் மருந்து பார்வைக்குப் புதிதாகிவிடும். உள்ளே தொடங்கிவிட்ட சிதைவு மட்டும் பின்வாங்காது.

1907 மார்ச் 12 அன்று தென் பிரான்ஸின் தூலோன் துறைமுகத்தில், பழுதுபார்க்கும் தளத்தில் நின்றிருந்த 'இயேனா' என்னும் போர்க்கப்பல் வெடித்தது. சுமார் 120 பேர் மாண்டனர். விசாரணைகள் நடந்தன. பி மருந்தின் மேல் பலத்த ஐயம் எழுந்தது. ஆயினும் மருந்தைக் காப்பாற்றிப் பேசியவர்களும் இருந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1911 செப்டம்பர் 25 அன்று விடியற்காலையில் அதே துறைமுகத்தில் 'லிபெர்தே' என்னும் கப்பல் வெடித்துச் சிதறியது. மாண்டவர் கிட்டத்தட்ட 300 பேர். எந்தப் பகைவனும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

இதன்பின் பிரான்ஸ் டைஃபினைலமீன் என்னும் பொருளுக்கு மாறியது. ஜெர்மனியில் அதை ஏற்கெனவே பயன்படுத்தி வந்தார்கள். மருந்தில் நூற்றில் ஒரு பங்கு அளவு சேர்த்தாலே போதும். சிதைவில் கிளம்பும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அது உடனுக்குடன் பிடித்துத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். அமிலம் சேராது, சங்கிலி அறுந்துவிடும். இத்தகைய பொருள்களை நிலைப்படுத்திகள் என்கிறோம்.

நம் நீலகிரியில் அருவங்காட்டில் 1903-ல் ஏற்பட்ட தொழிற்சாலைக்கு இன்றும் மக்கள் வழங்கும் பெயர் கார்டைட் தொழிற்சாலை. கார்டைட் என்பது ஏபலும் ஜேம்ஸ் டீவாரும் 1889-ல் உருவாக்கிய புகையில்லா மருந்து. வெடிப்பஞ்சும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்த அந்த மருந்தில் சிறிது வாசலினும் உண்டு. துப்பாக்கிக் குழலுக்கு வழுவழுப்புத் தரும் என்று எண்ணித்தான் அதைச் சேர்த்தார்கள். பிறகு பார்த்தால், அது நிலைப்படுத்தியாக வேலை செய்து மருந்தையும் காத்துவந்தது!

நிலைப்படுத்தி என்றென்றைக்கும் நிற்பதில்லை. ஆக்சைடைப் பிடிக்கப் பிடிக்க அது செலவாகிறது. மருந்தின் ஆயுள் என்பது உண்மையில் நிலைப்படுத்தியின் ஆயுளே. வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் சிதைவின் வேகம் இருமடங்கோ அதற்கு மேலோ ஆகிறது. ஆகவே ஒரே நாளில் ஒரே ஆலையில் செய்த இரு பெட்டிகளில், குளிர்ந்த குகையில் இருந்தது பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் நன்றாயிருக்கும். வெயில் காயும் தகரக் கொட்டகையில் இருந்தது அதற்கு வெகுமுன்பே கெட்டிருக்கும். 'எத்தனை வயது?' என்று கேட்டால் மட்டும் போதாது. 'எங்கே வாழ்ந்தது?' என்றும் கேட்கவேண்டும்.

மழைக்காலமும் குதிரை லாயமும்

மருந்தைக் கண்டோம், உறைக்கு வருவோம். இது நம் நாட்டிலேயே தோன்றிய புதிர்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவிலிருந்த படையினர் மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைப்பதுண்டு. மழை ஓய்ந்து பெட்டியைத் திறந்தால் பித்தளை உறைகளில் விரிசல்கள் காணப்பட்டன. குறிப்பாக உறையைக் குண்டோடு சேர்த்து நெரித்த விளிம்பில் விரிசல் தொடங்கியது. யாரும் அடிக்கவில்லை, வளைக்கவில்லை. பெரிதாகக் களிம்பும் ஏறவில்லை. மழைப் பருவத்தில் தோன்றியதால் 'பருவப் பிளவு' என்ற பொருளில் அதற்கு ஒரு பெயர் நிலைத்தது. காய்ந்த மரத்தில் தோன்றும் வெடிப்புபோல் இருந்ததால் அப்பெயர் வந்தது என்று சொல்வாரும் உண்டு.

1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் இதற்கு விளக்கம் தந்தார்கள். குதிரையின் சிறுநீர் சிதையும்போது அம்மோனியா வாயு கிளம்புகிறது. மழைக்கால ஈரக் காற்றில் அது பித்தளை மேல் படிந்து செம்பைக் கரைக்கிறது. ஆனால் அம்மோனியா மட்டும் இருந்தால் விரிசல் வராது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்ட பித்தளையைச் சூடாக்காமலே அச்சில் இட்டு இழுத்துத்தான் உறையைச் செய்கிறார்கள். அப்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது; முறுக்கி வைத்த கயிறு அவிழத் துடிப்பதுபோல. அம்மோனியா உலோகப் படிகங்களின் எல்லைகளை அரித்து வழிவிட, அடைபட்ட இறுக்கம் உலோகத்தைப் பிளந்துவிடுகிறது.

இதில் என்ன ஆபத்து? சைக்கிள் பம்ப்பில் உள்ள தோல் வாஷர் கிழிந்தால் காற்று முன்னே போகாமல் பின்னே வந்துவிடும் அல்லவா? துப்பாக்கியில் அந்த வாஷரின் வேலையைச் செய்வது பித்தளை உறைதான். மருந்து எரியும் கணத்தில் அது விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டி, வாயுவைப் பின்னால் விடாமல் அடைக்கிறது. மயிரிழை விரிசல் இருந்தாலும் அடைப்பு கெடும்.

மருந்து என்னவோ எளியதுதான். உறைகளைச் செய்து முடித்தபின் மிதமாகச் சூடாக்கினால், உறுதி குறையாமல் உள் இறுக்கம் மட்டும் தளர்ந்துவிடும். அது தளர்ந்ததா என்று அறியவும் ஒரு சோதனை உண்டு. மாதிரி உறை ஒன்றை மெர்க்குரஸ் நைட்ரேட்டுக் கரைசலில் முக்குவார்கள். இறுக்கம் மிச்சமிருந்தால் சிறிது நேரத்தில் அது விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

உறையும் மருந்தும் கூடினால்

பீரங்கிக் குண்டில் வேறொரு தொல்லை. 1880-களில் பிக்ரிக் அமிலத்தைக் குண்டுகளில் நிரப்பத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 'லிட்டைட்' என்றும் பிரான்ஸில் 'மெலினைட்' என்றும் அதற்குப் பெயர். அந்த மஞ்சள் நிறப் பொருள் தனியே இருக்கும்போது ஓரளவு அடக்கமானது. ஆனால் பெயரிலேயே அமிலம் இருக்கிறது பாருங்கள். ஈரம் சேர்ந்தால் அது உலோகத்தோடு வினைபுரிந்து பிக்ரேட் உப்புகளைத் தருகிறது. அவற்றுள் சில, குறிப்பாக ஈயத்தின் உப்பு, சிறு உராய்வுக்கே வெடிக்கக்கூடியவை. அதனால்தான் குண்டின் உட்சுவருக்கு மெழுகெண்ணெய் பூசினார்கள். பூச்சு உரிந்த பழைய குண்டு, புதிய குண்டைவிடக் கொடியது.

வெடிதூண்டியில் பயன்படும் ஈய அசைடு என்னும் பொருளுக்கும் இதே குணம் உண்டு. ஈரம் புகுந்து அது செம்போடு உறவாடினால் செம்பு அசைடு உண்டாகிறது. இது தொட்டாற் சிணுங்கி போன்றது; ஆனால் சிணுங்குவதற்குப் பதில் வெடிக்கும். ஆகவே ஈய அசைடை அலுமினியக் குப்பிகளில் அடைக்கிறார்கள்.

இங்கே ஒரு பொதுவான தவற்றைத் திருத்திக்கொள்ளலாம். பழையதானால் வீரியம் குறையும் என்றே நாம் எண்ணுகிறோம். மாத்திரை, மிளகாய்த்தூள் எல்லாம் அப்படித்தான். வெடிப்பொருளிலோ காலம் சிலவற்றை மந்தமாக்குகிறது, சிலவற்றை மேலும் கூர்மையாக்குகிறது, சிலவற்றைத் தொடுவதேயில்லை. பெல்ஜியத்தில் மெசீன் என்னும் இடத்தில், முதல் உலகப்போரின்போது பூமிக்கடியில் புதைத்து வெடிக்காமல் விட்ட பெருங்கண்ணி ஒன்று 1955 ஜூன் 17 அன்று இடிமின்னலில் வெடித்தது. மண்ணுக்குள் 38 ஆண்டுகள் கிடந்தும் அதன் ஆற்றல் போகவில்லை. நல்லவேளையாக ஒரு பசு மட்டுமே மாண்டது.

ஒரு கப்பலில் ஒரு முடிவு

இவ்வளவும் தெரிந்தபின்னும் தவறு நேருமா? 1967 ஜூலையில் நேர்ந்தது.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். டோங்கின் வளைகுடாவில் நின்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் 'ஃபாரஸ்டல்' நாள்தோறும் விமானங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. புதுவகைக் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு. ஜூலை 28 அன்று சரக்குக் கப்பல் ஒன்று, ஒவ்வொன்றும் 1000 பவுண்டு எடையுள்ள பழைய குண்டுகளைக் கொண்டுவந்து இறக்கியது. அவற்றின் மேல் துரு. கட்டியிருந்த சட்டங்கள் மக்கிப்போயிருந்தன. சிலவற்றிலிருந்து கசிவும் தெரிந்தது. குண்டுகளைக் கையாளும் பணியாளர்கள் அஞ்சினார்கள். கப்பல் தலைவரிடம் முறையிட்டார்கள். வேறு குண்டுகள் கிடைக்காது என்று பதில் வந்தது. மறுநாள் தாக்குதலுக்கு அவை தேவை. அடித்தளக் கிடங்கில் வைக்க மனமின்றி அவற்றை மேல்தளத்திலேயே வைத்தார்கள்.

மறுநாள் காலை 10.51. மேல்தளத்தில் விமானங்கள் அணிவகுத்து நின்றன. மின்கோளாற்றால் ஒரு விமானத்திலிருந்த ராக்கெட் தானாகக் கிளம்பி, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைத் தாக்கியது. எரிபொருள் தளமெங்கும் பரவித் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் ஓடிவந்தார்கள். குண்டுகள் வெப்பத்தைத் தாங்கும் சில நிமிடங்களுக்குள் தீயை அடக்கிவிடலாம் என்பது அவர்கள் பெற்ற பயிற்சி. ஆனால் பழைய குண்டு ஒன்று, தீப்பிடித்து ஒன்றரை நிமிடத்திலேயே வெடித்தது. முன்னணியில் நின்ற வீரர்கள் அங்கேயே மாண்டார்கள். அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. மொத்தம் 134 பேர் உயிரிழந்தனர். 161 பேர் காயமுற்றனர்.

தீயை மூட்டியது அந்தத் துருவன்று. அது நியாயமாகச் சொல்லவேண்டியது. பழைய குண்டுகளில் இருந்த மருந்து, புதிதாயிருந்தபோதே வெப்பத்தைத் தாங்குவதில் பின்தங்கியது. பழமையும் மோசமான சேமிப்பும் அதோடு சேர்ந்தன. ஒரு தீவிபத்தைப் பேரழிவாக மாற்றியது அதுவே.

இதில் நாம் கவனிக்கவேண்டியது வேதியியலை மட்டும் அன்று. ஆபத்தைக் கண்டவர்கள் இருந்தார்கள், சொல்லவும் சொன்னார்கள். ஆனால் 'இது பாதுகாப்பானதா?' என்ற கேள்விக்கு, 'இது இன்றைக்குத் தேவை' என்பது பதிலாக வந்துவிட்டது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றின் விடையை மற்றதற்குப் பொருத்த முடியாது.

இன்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

தோட்டாவோ குண்டோ ஆலையிலிருந்து வெளிவரும்போதே அதற்கு ஒரு தொகுதி எண் இடுகிறார்கள். ஒரே மூலப்பொருளில் ஒரே முறையில் செய்தவை ஒரு தொகுதி. தீர்ப்பு தனித்தனித் தோட்டாவுக்கு இல்லை, தொகுதி முழுவதற்கும்தான். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பதுபோல, தொகுதியிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தப் பருக்கை அதே பானையில் வெந்ததாக இருக்கவேண்டும். ஒரே தொகுதியாயினும் வெவ்வேறு கிடங்குகளில் இருந்தவை வெவ்வேறாகவே கருதப்படும்.

மாதிரியில் நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளக்கிறார்கள். மருந்தைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு 65.5 டிகிரி வெப்பத்தில் வைத்து, செம்பழுப்பு ஆவி எத்தனை நாளில் கிளம்புகிறது என்று பார்க்கும் சோதனையும் உண்டு. மருந்து தானாக வெளிவிடும் மிகமிகச் சிறிய வெப்பத்தையே அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. தவிர, மாதிரித் தோட்டாக்களைத் தூரத்திலிருந்து இயக்கும் துப்பாக்கியில் பொருத்திச் சுட்டு, அழுத்தத்தையும் வேகத்தையும் குறிக்கிறார்கள். இவையெல்லாம் சேர்ந்தே தீர்ப்பாகின்றன.

எங்கே செய்தது, எங்கே இருந்தது என்ற வரலாறே இல்லாத தோட்டாவுக்கு? அதற்குத் தீர்ப்பு ஒன்றுதான்: அழித்துவிடுவது. மாதிரி எடுக்கத் தொகுதி இல்லாதபோது சோதனைக்கே பொருளில்லை.

பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் முதல் உலகப்போர்க் களங்களை உழும்போது இன்றும் குண்டுகள் கிளம்புகின்றன. உழவர்கள் அதை 'இரும்பு அறுவடை' என்கிறார்கள். துரு மூடிய குண்டின் உள்ளே இருப்பது வெடிமருந்தா, நச்சுத் திரவமா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால் பெல்ஜியப் படையினர் அவற்றை எக்ஸ்-கதிரில் பார்க்கிறார்கள். உள்ளே திரவம் மட்டம் கொண்டு நின்றால் அது நச்சுக் குண்டு என்று அறிகிறார்கள். 2001 ஏப்ரலில் பிரான்ஸின் விமி பகுதியில், சேர்த்துவைத்த இத்தகைய குண்டுகள் மேலும் கெடுவது கண்டு, அவற்றை அகற்றும்வரை 12,000-க்கும் மேற்பட்ட மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். குண்டுகளின் வயது அப்போது எண்பதுக்கும் மேல்!

உங்கள் கண்ணில் பட்டால்

'இதெல்லாம் படையினர் கவலை, நமக்கென்ன?' என்று நினைக்கவேண்டாம். 2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத் அருகே ஓர் எஃகு ஆலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த குண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்தனர். பழைய இரும்பு வண்டியில் ஏறி எந்த ஊருக்கும் அது வரலாம். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 2009-ல் போர் முடிந்தபின்னும், வயல்களிலும் தோட்டங்களிலும் எறிகணைகளும் கண்ணிவெடிகளும் மிஞ்சின. பல ஆண்டுகளாக அங்குலம் அங்குலமாக நிலத்தைத் தடவி அவற்றை அகற்றிவருகிறார்கள். இரும்புக்கும் பித்தளைக்கும் விலை உண்டு என்று எடுப்பவர்களும், விளையாட்டுப் பொருள் என்று எடுக்கும் சிறுவர்களுமே இவற்றுக்கு இரையாகிறார்கள்.

ஆகவே இளைஞர்களே, குண்டு போன்றோ தோட்டா போன்றோ ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். நகர்த்தாதீர்கள். துருவைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். தீயருகே கொண்டுபோகாதீர்கள். வந்த வழியே திரும்பி, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து, மற்றவர்களைத் தடுத்து, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துத் தோட்டா கிடந்தாலும் இதே விதிதான். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

'ரொம்பப் பழசு, ஒன்றும் ஆகாது' என்று பக்கத்தில் ஒருவர் சொல்லக்கூடும். பித்தளைக் குடத்துக்கு அந்தப் பேச்சு சரி. வெடிமருந்துக்கு அது சரியன்று. சோதனைக் குழாயும் தொகுதி எண்ணும் இல்லாத இடத்தில், பழைய வெடிமருந்தைப் பற்றி நாம் எடுக்கக்கூடிய சரியான முடிவு விலகி நிற்பதே.